வெளிச்சம் வரலாம், கண் வரக்கூடாது

வீடுகளுக்குள் வண்ணக்கண்ணாடி வந்த கதை பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பேசத் தொடங்கும் முன் ஒரு பொருளை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். சிவப்புக் கண்ணாடித் துண்டு, பாதி உள்ளங்கை அளவு இருக்கும். விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருக்கிறேன், கையைக் கிழிக்காது. முதலில் அந்த விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மாதுளை முத்தின் சிவப்பு. அப்புறம் அதைத் திருப்பி விளிம்பு வழியாகப் பாருங்கள். சிவப்பைக் காணோம் அல்லவா? வெளிர்பச்சையாக, பழைய சோடா பாட்டில் மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் வெங்காயச் சருகு கனத்துக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். செம்பு சேர்த்துக் காய்ச்சிய சிவப்புக் கண்ணாடிக்கு அவ்வளவு வீரியம். ஜன்னல் கண்ணாடியின் முழுக் கனத்துக்கும் அந்தச் சிவப்பையே வைத்தால் ஒளி உள்ளே நுழையாது, கறுப்பாகத்தான் தெரியும். அதனால் ஊதுகுழாயில் நிறமற்ற குழம்பை எடுத்து, சிவப்புக் குழம்பில் ஒரு முறை தோய்த்து, இரண்டையும் சேர்த்து ஊதிப் பரப்பினார்கள். ஐரோப்பாவின் பேராலயங்களில் நீங்கள் பார்க்கிற சிவப்பும் பெரும்பாலும் இப்படி மேல்தோல் மட்டும் சிவந்த கண்ணாடிதான்.

துண்டு கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வரட்டும். அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வண்ணக்கண்ணாடி என்றதும் மனம் மாதாகோயிலுக்குப் போகும். அங்கே கண்ணாடி கதை சொல்கிறது, நாம் அண்ணாந்து பார்க்கிறோம். நான் இன்று பேச வந்தது வீட்டுக் கண்ணாடியைப் பற்றி. வீட்டில் யாரும் ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அடுப்பில் பால் இருக்கிறது. சில வீடுகளின் கண்ணாடியை நேரில் பார்த்தும், பலவற்றைப் பற்றிப் படித்தும் எனக்கு ஓர் எண்ணம் வலுத்துவிட்டது. அழகுக்காக வைத்தார்கள் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி இதுதான்: வீட்டுக்காரருக்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் வெளியே இருக்கிற ஏதோ ஒன்று கண்ணில் படக்கூடாது; அல்லது வெளியே இருப்பவர் கண்ணில் தான் படக்கூடாது. ஆக, இது திரைச்சீலையின் வேலை. துணித்திரையை இழுத்தால் அறை இருண்டுவிடும். கண்ணாடித்திரை மறைத்துக்கொண்டே ஒளியை விடும்.

ஆரம்பத்தில் ஐரோப்பிய வீடுகளில் கண்ணாடி என்பதே அபூர்வம். லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434-இல் தீட்டிய ஆர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியம் இருக்கிறது. எல்லாரும் அதில் நாய்க்குட்டியையும் வட்டக் கண்ணாடியையும் பார்ப்பார்கள். அடுத்த முறை இடப்பக்க ஜன்னலைப் பாருங்கள். மேல்பகுதியில் மட்டும்தான் கண்ணாடி. வட்ட வட்டமான வெள்ளைச் சில்லுகளுக்கு இடையே நீலமும் சிவப்பும் பச்சையும் கோத்திருக்கும். கீழே கண்ணாடியே கிடையாது, மரக்கதவுதான். பணக்கார வணிகர் வீட்டிலேயே அப்படி. காற்று வேண்டுமென்றால் கதவைத் திறக்கலாம். குளிருக்கு மூடிவிட்டால் மேலே இருக்கிற கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும்.

கண்ணாடி எவ்வளவு அருமையாக இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி இங்கிலாந்தில் ஆல்ன்விக் கோட்டை. நார்தம்பர்லாந்து கோமகன் ஊரில் இல்லாத நாட்களில் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரமாக உள்ளே வைத்துவிட வேண்டும் என்று 1567-இல் அந்தக் கோட்டையை அளவெடுத்த அதிகாரி யோசனை எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரத்தைத் துடைத்துப் பெட்டியில் வைப்பது போல.

இப்படிப்பட்ட பொருள் நடுத்தர வீட்டுக்குள் நுழைய ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியைத் திறந்தது வெள்ளி.

நாம் எல்லாவற்றையும் 'ஸ்டெயின்டு கிளாஸ்' என்று சொல்கிறோம். ஸ்டெயின் என்றால் கறை. ஆனால் சிவப்பும் நீலமும் பச்சையும் கறை ஏற்றியவை இல்லை. உலையில் குழம்பாக இருக்கும்போதே செம்பும் கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்து பிறந்த நிறங்கள். உண்மையில் கறை என்ற பெயருக்குத் தகுதியானது ஒரே ஒரு நிறம், மஞ்சள். வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணில் குழைத்து, கண்ணாடியின் பின்பக்கம் பூசி, சூளையில் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே ஊடுருவி மஞ்சளாகிவிடும். மண்ணைத் துடைத்தெடுத்தால் எலுமிச்சை மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரைக்கும், சூட்டுக்குத் தக்கபடி நிறம் இருக்கும். எகிப்திலும் சிரியாவிலும் கிண்ணங்களில் இந்த வித்தையை வெகு காலம் முன்பே செய்தார்கள். ஐரோப்பிய ஜன்னல்களுக்கு அது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. நார்மண்டியில் லெ மெனில்-வில்மான் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் 1313 என்று ஆண்டு குறித்த ஜன்னல் ஒன்றில் இது இருக்கிறது.

மஞ்சள் வந்ததால் என்ன பெரிய மாற்றம் என்று கேட்பீர்கள். அதுவரை ஒரு முகத்துக்கு ஒரு கண்ணாடி, தலைமுடிக்கு வேறு கண்ணாடி, நடுவே ஈயக்கோடு. இப்போது ஒரே வெள்ளைக் கண்ணாடியில் பழுப்பு மையால் முகத்தை வரைந்து, கூந்தலுக்கு மட்டும் மஞ்சள் ஏற்றிவிடலாம். ஈயம் வேண்டாம், விலையுயர்ந்த நிறக்கண்ணாடியும் வேண்டாம். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் பெல்ஜியம், ஹாலந்து பக்கத்து வீடுகளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டக் கண்ணாடிச் சித்திரங்கள் பெருகின. ஊதாரி மகன், தொபியாஸ், சூசன்னா போன்ற பைபிள் கதைகள், மாதந்தோறும் செய்யும் வேலைகள் என்று வரைந்தார்கள். பேராலயத்துக் கண்ணாடி நூறடி தள்ளி நின்று பார்ப்பதற்கானது. இவை மூக்கு உரசப் பார்ப்பதற்கானவை.

சுவிட்சர்லாந்தில் வேடிக்கையான ஒரு வழக்கம் இருந்தது. யாராவது புதிதாக வீடோ விடுதியோ கட்டினால், நண்பர்களும் பக்கத்து நகர மன்றங்களும் தத்தம் சின்னம் பொறித்த ஒரு கண்ணாடிச் சட்டத்தைப் பரிசாகக் கொடுப்பார்கள். கிரகப்பிரவேசத்துக்கு மொய் எழுதுவதுதான், வேறொன்றும் இல்லை. மொய் நோட்டில் எழுதாமல் ஜன்னலில் எழுதினார்கள். யார் யார் நமக்கு வேண்டியவர்கள் என்பது வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். மதச் சீர்திருத்தம் வந்து தேவாலயங்களில் சித்திரக் கண்ணாடிக்கு இடமில்லாமல் போன பிறகும் அந்நாட்டுக் கண்ணாடிக்காரர்களுக்கு வேலை தந்தது இந்த மொய்தான்.

டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த இரண்டு ஓவியங்களில், ஒன்று பெர்லினிலும் மற்றது பிரவுன்ஷ்வைக்கிலும் இருக்கிறது, ஒரே வண்ணக்கண்ணாடி ஜன்னல் வருகிறது. ஜன்னலில் ஒரு பெண் கடிவாளம் பிடித்திருக்கிறாள், அடக்கத்தின் உருவம். இரண்டிலும் அறைக்குள் ஒரு பெண் மது அருந்தும் காட்சி. வெளியே தெருவைப் பார்க்க முடியாத ஜன்னல், உள்ளே இருப்பவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெர்மீருக்குக் குறும்பு அதிகம்.

17-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழில் தேய்ந்தது. முப்பதாண்டுப் போரில் லொரேன் பகுதியின் கண்ணாடி உலைகள் அழிந்தன. நிறக்கண்ணாடி கிடைப்பது அரிதானது. வெள்ளைக் கண்ணாடி மேல் எனாமல் வண்ணத்தைத் தீட்டிச் சமாளித்தார்கள். அது பீங்கான் தட்டில் வரைந்தது போல இருக்கும், ஒளி ஊடுருவி வருகிற ஆழம் இருக்காது. ரசனையும் மாறியது. தெளிந்த பெரிய ஜன்னலே நாகரிகம் என்றானது.

அடுத்த நூற்றாண்டில் ஒரு மனிதர் மட்டும் இருட்டைத் தேடிப் போனார். ஹொரஸ் வால்போல், இங்கிலாந்துப் பிரதமரின் மகன். லண்டனுக்கு வெளியே ட்விக்கன்ஹாமில் 1747-இல் ஒரு சிறிய வீட்டைப் பிடித்து, ஸ்ட்ராபெரி ஹில் என்று பெயரிட்டு, பழைய மடாலயம் போல மாற்றிக்கொண்டே இருந்தார். அவருக்காக ஓர் இத்தாலியர் ஃப்ளாண்டர்ஸ் பக்கம் போய், யாரும் சீந்தாத பழைய கண்ணாடிச் சித்திரங்கள் 450-ஐ 36 கினிக்கு வாங்கி வந்தார். பெரும்பாலும் நான் முன்பு சொன்ன தட்டு அளவு வட்டங்கள். வால்போல் அவற்றைத் தன் அறை ஜன்னல்களின் மேல்பகுதியில் பதித்தார். மங்கலும் இதமும் சேர்ந்த அந்த அறைச் சூழலுக்காக ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையே உண்டாக்கினார். பழைய பொருளை வாங்கிப் புது வீட்டில் வைக்கிற இன்றைய மோகத்துக்கு அவரே பெரிய பாட்டனார். காரைக்குடியில் பழைய கதவு விற்கிற கடைத்தெருவில் அவர் இன்று இருந்தால் நாள் முழுக்க அங்கேதான் கிடப்பார்.

இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த கலால் வரி 1845-இலும், 1696 முதல் இருந்த ஜன்னல் வரி 1851-இலும் ஒழிந்தன. கண்ணாடி மலிவானது. 1861-இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் சேர்ந்து அலங்காரப் பொருள் நிறுவனம் தொடங்கினார்கள். அதற்கு முன்பே மாரிஸ் தனக்காகக் கட்டிக்கொண்ட ரெட் ஹவுஸ் என்ற வீட்டில், கட்டடக்கலைஞர் ஃபிலிப் வெப் சின்னச் சின்னப் பறவைகளை ஜன்னல் கண்ணாடியில் வரைந்திருக்கிறார். அங்கே அடர்ந்த நிறங்கள் இல்லை. வெளிர்ந்த கண்ணாடி, பழுப்புக் கோடு, வெள்ளி தந்த மஞ்சள். பிறகு லண்டனில் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சாப்பாட்டு அறையை அலங்கரிக்கும் வேலை இந்த நிறுவனத்துக்கு 1860-களில் கிடைத்தபோதும் அதே முறைதான்: வெளிர் சதுரங்களுக்கு நடுவே ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த பெண்ணுருவங்கள். மாரிஸுக்கு வீடு தெரிந்திருந்தது. தேவாலயத்து நீலத்தை வீட்டு ஜன்னலில் வைத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் பிணம் மாதிரித் தெரியும் என்பதும் தெரிந்திருந்தது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இங்கிலாந்தின் வரிசை வீடுகள் பலவற்றிலும் வண்ணக்கண்ணாடி வந்தது. எங்கே வந்தது என்று கவனியுங்கள். வாசற்கதவில், கதவுக்குப் பக்கச் சட்டங்களில், மாடிப்படித் திருப்பத்தில், குளியலறையில். வீட்டின் பின்பக்கத் தோட்டத்தைப் பார்க்கும் ஜன்னலில் பெரும்பாலும் வெறும் கண்ணாடிதான். வாசற்கதவு தெருவுக்கு முகம் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் நடை இருட்டு. வெளிச்சம் வேண்டும், ஆனால் போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்கக்கூடாது. மாடிப்படியின் பக்கச்சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர் கையெட்டும் தூரத்தில். அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ரோஜாவையும் அல்லியையும் பாருங்கள் என்றார்கள். இதற்கெல்லாம் உருளை அழுத்தி வார்த்த மலிவுக் கண்ணாடி பயன்பட்டது. அந்த மலிவுக் கண்ணாடிக்கு வணிகர்கள் வைத்த பெயர் 'கதீட்ரல் கிளாஸ்'. பேராலயத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

இந்த இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு பட்டறையில் உட்கார்ந்து நானும் ஒரு சிறு சட்டம் கட்டிப் பார்த்திருக்கிறேன். முழு அளவில் படம் வரைந்து மேசையில் விரிப்பார்கள். அதன் மேல் கண்ணாடியை வைத்து, கோட்டின் மேலேயே வெட்டுளியை ஓட்ட வேண்டும். 'க்ரீச்' என்று ஒரே சீரான சத்தம் வர வேண்டும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் கண்ணாடி கோட்டில் உடையாது. ஒரே இழுப்புதான், இரண்டாம் முறை ஓட்டினால் உளி கெட்டுவிடும். வெட்டிய துண்டைக் குறடால் பிடித்து ஒடித்து, விளிம்பைக் கொறித்துச் சரி செய்வார்கள். 12-ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைத்தொழில் நூலில் உளி கிடையாது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடு போட்டு விரிசல் விட்டிருக்கிறார்கள். மற்றபடி, படத்தை விரித்துத் துண்டுகளை வரிசையாகக் கோக்கிற முறை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை.

துண்டுகளைச் சேர்ப்பது ஈயப்பட்டை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்தைப் படுக்கப் போட்டது போல இருக்கும். இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்துக்கு ஒரு கண்ணாடி. பட்டையை முதலில் இரு முனையும் பிடித்து இழுத்து நீட்ட வேண்டும், அப்போதுதான் விறைப்பு வரும். மூலையிலிருந்து தொடங்கி, ஒரு கண்ணாடி, ஒரு ஈயம், நகராமல் இருக்க லாட ஆணி. மறுபடி கண்ணாடி, ஈயம், ஆணி. கோத்து முடித்ததும் ஈயம் சந்திக்கிற இடங்களில் மட்டும் வெள்ளீயம் கலந்த பற்றாசு வைத்துச் சூட்டுக்கோலால் தொடுவார்கள். ஒரு நொடி கூடுதலாக வைத்தால் பட்டையே உருகி ஓடிவிடும். என் சட்டத்தில் மூன்று இடங்களில் ஓடியது. கடைசியில் ஆளி எண்ணெய் குழைத்த லப்பத்தைத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏற்ற வேண்டும். அதுவரை தட்டினால் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்த சட்டம் மறுநாள் ஒரே பலகையாக இறுகியிருக்கும். அந்த மறுநாள் காலைதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த நேரம்.

ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். கண்ணாடி ஒரு திரவம், நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிந்து கீழ்ப்பக்கம் தடிக்கிறது என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். வழிவதில்லை. பழைய காலத்தில் ஊதித் தட்டையாக்கிய கண்ணாடியே ஒரு பக்கம் தடிப்பாகத்தான் இருந்தது. பழைய வண்ண ஜன்னல் புடைத்துத் தொங்குவது ஈயம் வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கித் தளர்வதால். கண்ணாடி அப்படியே இருக்கும். அதனால்தான் நூறு ஆண்டுக்கு மேல் ஆனால் ஈயத்தை மாற்றி மறுபடி கோக்கிறார்கள்.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். அமெரிக்காவில் இந்தக் கலையை வீட்டுப் பக்கம் திருப்பியவர்கள் இருவர்: ஓவியர் ஜான் லா ஃபார்ஜ், நகைக்கடை முதலாளியின் மகன் லூயி கம்ஃபர்ட் டிஃபனி. லா ஃபார்ஜ் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது பல்பொடி டப்பாவின் பால்நிறக் கண்ணாடியில் வெயில் பட்டதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். ஓபல் கல் போல, பாதி ஒளிவிடும் பாதி மறைக்கும் அந்தக் கண்ணாடியை ஜன்னலுக்குப் பயன்படுத்தும் முறைக்கு அவர் 1880 பிப்ரவரியில் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே டிஃபனியும் வாங்கினார். இரண்டு பேருக்கும் இடையே பகை மூண்டது.

இந்தக் கண்ணாடியின் குணம் வீட்டுக்காகவே அமைந்தது போல இருக்கிறது. தேவாலயத்துக் கண்ணாடி இரவில் உள்ளே இருந்து பார்த்தால் கறுப்புப் பலகை. வீட்டில் மனிதர்கள் கூடுவதே இரவில்தான். பால்நிறக் கண்ணாடி, அறை விளக்கின் ஒளியைத் திருப்பிக் காட்டி இரவிலும் ஓரளவு நிறத்தோடு இருக்கும். பகலில் ஒளி உள்ளே வரும். உருவம் எதுவும் தெரியாது. வெள்ளையில் நீலமும் பச்சையும் குழம்பாகச் சுழன்றிருப்பதால், தூரிகையே தொடாமல் மேகத்தையும் தண்ணீரையும் அந்தக் கண்ணாடியின் சுழலிலிருந்தே வெட்டி எடுக்கலாம்.

நியூயார்க்கின் பெரிய வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. முன்னால் தெரு, பின்னால் கொல்லை, பக்கவாட்டில் செங்கல். அந்த வீட்டுக்காரர்களுக்கு டிஃபனி விற்றது இயற்கைக் காட்சி. 1908 வாக்கில் மன்ஹாட்டனில் ஸ்கின்னர் என்ற பட்டு வணிகர் வீட்டுக்கு டிஃபனியின் நிறுவனம் செய்த ஜன்னலில், தொங்கும் விஸ்டீரியா பூங்கொத்துகளுக்குக் கீழே ஆய்ஸ்டர் பே விரிகுடா தெரிகிறது. ஊருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு லாங் ஐலண்ட் கடலைப் பார்க்கலாம். மெழுகுவர்த்தி கொண்டு தேடினாலும் பக்கத்துச் சுவர் தெரியாது. டிஃபனியின் ஜன்னல்களைப் பெரிய கலை என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவற்றில் பல கொஞ்சம் தித்திப்பு அதிகமான பால்கோவா. ஆனால் இந்த ஜன்னலின் தந்திரத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளை மாளிகைக்கும் அவர் போனார். 1882-இல் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் மாளிகையை அலங்கரிக்கச் சொன்னபோது, நுழைவுக்கூடத்துக்கும் உள் தாழ்வாரத்துக்கும் நடுவே டிஃபனி ஒரு பெரிய வண்ணக்கண்ணாடித் திரையை நிறுத்தினார். வாசலில் காத்திருக்கும் ஜனங்களின் பார்வையும் குளிர்காற்றும் குடும்பத்தார் நடமாடும் பக்கம் போகக்கூடாது. முதலில் அங்கே வெறும் சொரசொரப்புக் கண்ணாடித் தடுப்பு இருந்தது; வேலை அதே வேலைதான். தியோடர் ரூஸ்வெல்ட் வந்தார், 1902-இல் மாளிகையைப் பழைய மோஸ்தருக்கு மாற்றினார், திரையைக் கழற்றி ஏலம் விட்டார்கள். மேரிலாந்துக் கடற்கரையில் ஒரு விடுதிக்குப் போய்ச் சேர்ந்த அது 1923-இல் விடுதியோடு எரிந்துபோயிற்று.

டிஃபனி என்றால் இன்று உலகம் நினைப்பது விளக்கை. வண்ண ஜன்னலை வளைத்து மின்விளக்குக்குக் கவிழ்த்துவிட்டால், இரவிலும் எரியும் ஜன்னல். அந்த விளக்குகளை அவரே வரைந்தார் என்று வெகு காலம் நம்பியிருந்தோம். கண்ணாடி வெட்டும் பெண்கள் பிரிவின் தலைவியாக இருந்த கிளாரா டிரிஸ்கால் தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் 2005-இல் ஆய்வாளர் பார்வைக்கு வந்தன. விஸ்டீரியா, தும்பி முதலிய புகழ்பெற்ற விளக்குகள் அவர் கைவண்ணம் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஒரு விஸ்டீரியா விளக்கில் ஏறத்தாழ 2000 துண்டுகள். ஈயப்பட்டை அதற்குத் தடிப்பு. அதனால் ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்புத்தாளை மடித்து ஒட்டி, மர அச்சின் மேல் பூ பூவாக அடுக்கிப் பற்றவைத்தார்கள். மேலே வெளிர்நீலம், கீழே இறங்க இறங்க ஊதா. எந்தத் துண்டு எந்தத் தகட்டின் எந்த மூலையிலிருந்து என்று தேர்ந்தெடுக்கிற கண்தான் அங்கே கலை. அந்தக் கண் பெண்களுக்கு அதிகம் என்று டிஃபனி நம்பினார். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுப் போக வேண்டும் என்பதும் அவரது நிறுவனத்தின் விதி. ஆண்களின் சங்கம் 1903-இல் சண்டைக்கு வந்து பெண்கள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டியது. விளக்கின் அடியில் பொறித்த பெயர் டிஃபனியுடையது.

இந்த மேகமும் பூவும் பிடிக்காத ஒருவர் சிகாகோவில் இருந்தார். கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்குத் துணித்திரை என்றால் ஆகாது. தன் ஜன்னல்களை அவரே ஒளித்திரை என்றுதான் அழைத்தார், என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஈயத்துக்குப் பதில் விறைப்பான துத்தநாகப் பட்டை, பெரும்பாலும் தெளிந்த கண்ணாடி, ஆங்காங்கே பொன்னும் பச்சையும். பஃபலோ நகரில் மார்ட்டின் குடும்பத்துக்கு வரைந்த 'உயிர் மரம்' ஜன்னலில் ஒரு சட்டத்துக்கு 750-க்கு மேற்பட்ட துண்டுகள். ஸ்பிரிங்ஃபீல்டில் சூசன் டேனா என்ற பெண்மணிக்குக் கட்டிய வீட்டில் சுமாக் செடியைக் கோணங்களாக்கி வீடு முழுக்க இழைத்தார். 1910-இல் முடிந்த ரோபி வீட்டைப் பாருங்கள். சைக்கிள் வியாபாரம் செய்த குடும்பத்தின் இளைஞர் ஃபிரெடரிக் ரோபி. தெருவில் போகும் அக்கம்பக்கத்தாரைத் தான் பார்க்க வேண்டும், அவர்கள் தன்னைப் பார்க்கக்கூடாது என்பது அவர் விருப்பம். 174 கண்ணாடிச் சட்டங்களை ரைட் அவருக்குக் கொடுத்தார். உள்ளே உட்கார்ந்தால் கோலத்தின் நடுவே தெரு தெரியும். தெருவில் நின்றால் கோலம் மட்டும்தான் தெரியும். அவ்வளவு ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டில் ரோபி இரண்டு ஆண்டுகூட இருக்க முடியவில்லை, கடனில் விற்றுவிட்டார்.

அதோடு அலை ஓய்ந்தது. பெரிய ஒற்றைக் கண்ணாடி, தோட்டத்தைப் பார்த்த சுவர் முழுக்க ஜன்னல் என்று வீடுகள் மாறின. டிஃபனியின் நிறுவனம் 1932-இல் திவாலானது. லாங் ஐலண்டில் அவர் தனக்காகக் கட்டிய லாரல்டன் ஹால் 1957-இல் எரிந்தது. இடிபாட்டிலிருந்து மீட்ட ஜன்னல்கள் இன்று ஃப்ளோரிடாவில் மோர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் வெயிலுக்கு ஏங்குகிற நாடுகள். வெயில் போதும் போதும் என்று சொல்கிற ஊர்களில் கதை கொஞ்சம் திரும்புகிறது. ஈரானில் கஜார் மன்னர் காலத்து வீடுகளில் 'ஒரோசி' என்ற ஜன்னல் உண்டு. முற்றத்தைப் பார்த்து ஒரு சுவர் முழுவதும் மரப்பின்னல், பின்னலுக்குள் சிவப்பு, நீலம், மஞ்சள் கண்ணாடி, சட்டத்தை மேலே தூக்கித் திறக்கலாம். தரைக் கம்பளத்தின் மேல் இன்னொரு கம்பளம் விழுந்தது போல இருக்கும். யேமனில் சனா நகரின் கோபுர வீடுகளில், திறந்து மூடுகிற சாதாரண ஜன்னலுக்கு மேலே 'கமரிய்யா' என்ற அரைவட்டம். கமர் என்றால் அரபியில் நிலா. பழைய வீடுகளில் அது மெல்லிய அலபாஸ்டர் கல் தகடு. பிறகு ஜிப்சத்தைச் செதுக்கிப் பின்னால் வண்ணக்கண்ணாடி வைத்தார்கள். பார்ப்பதற்குக் கீழ் ஜன்னல், வெளிச்சத்துக்கு மேல் ஜன்னல். கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டுக்கு முந்தைய ஆர்னோல்ஃபினி வீட்டு ஏற்பாடு அப்படியே. ஹவானாவிலும் கதவுக்கு மேல் விசிறி விரித்தது போல வண்ண அரைவட்டம். கரீபிய வெயிலை வடிகட்டித்தான் அறைக்குள் விடும்.

நம் பக்கத்தில் செட்டிநாட்டு வீடுகள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு என்று கப்பலேறி வந்த பட்டியலில் கண்ணாடியும் உண்டு. நல்ல கண்ணாடி எதுவானாலும் அங்கே 'பெல்ஜியம் கண்ணாடி'தான். ஜன்னலுக்கு மேலே வளைவுகளில் சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளும், சித்திரம் ஏதும் இல்லாத வெறும் நிறம். ஈயம் கிடையாது, தச்சர் மரச்சட்டத்தில் பதித்து லப்பம் வைத்துவிடுவார். அங்கிருந்துதான் உங்கள் கையில் சுற்றும் துண்டு வந்தது.

காரைக்குடிப் பக்கம் என் அப்பத்தா வீட்டு மேல்மாடி. மே மாதம், பிற்பகல் மூன்று மணி. தரையில் நிறங்கள் நகரும். சிவப்புக் கட்டத்தில் காலை வைத்தால் பாதம் மருதாணி வைத்தது போல இருக்கும். எங்களுக்கு அது விளையாட்டு, நிறம் நகர நகரக் காலையும் நகர்த்த வேண்டும். ரப்பர் பந்து பட்டு ஒரு சிவப்புக் கண்ணாடி போயிற்று. போட்டது நான். அப்பத்தா அடிக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டார்கள். சிவப்பு கிடைக்கவில்லை என்று அவர் வெள்ளைக் கண்ணாடியை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பிற்பகல் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் வெயில் வெள்ளையாக விழுந்தது, சுட்டது. அது போகட்டும். அந்த ஒரு கட்டம் வழியாக எதிர்வீட்டு மாடி தெரிந்தது. அங்கே ஓர் ஆச்சி வடாம் காயப்போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் கீழே போய்ப் பெட்டியைத் திறந்து, நைந்துபோன அரக்குப் பட்டுப் புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். சோற்றுப் பசையால் ஒட்டச் சொன்னார்கள். ஏணி மேல் ஏறி ஒட்டியதும் நான்தான். பல வருஷம் இருந்தது அந்தத் துணி.

உடைந்ததில் பெரிய சில்லை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது யாரிடம் இருக்கிறது? கடைசி வரிசையா? பார்த்து முடித்ததும் முன்னால் அனுப்புங்கள்.